மாணவர் ஆக்கங்களுக்குத் திறந்த உரிமம் தெரிவு செய்தல்

மாணவர் எழுதிய கட்டுரையையோ வரைந்த படத்தையோ எடுத்த ஒளிப்படத்தையோ ஆசிரியர் இணையத்தில் ஏற்றும்போது, அதைப் பிறர் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பது பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டுவிடுவது பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் பரவலாகக் காணப்படும் வழக்கம். அவ்வாறு விடப்பட்டதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று எடுப்பவர் கருதிக்கொள்கிறார். சட்டமோ இதற்கு நேர்மாறாகப் பேசுகிறது. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, ஓர் ஆக்கம் எழுத்திலோ கோட்டிலோ ஒலிப்பதிவிலோ உருப்பெற்றவுடனேயே, எங்கும் பதிவு செய்யாமலும் எந்தக் குறியும் இடாமலும் அதன்மீது பதிப்புரிமை தோன்றிவிடுகிறது. படியெடுத்தல், வெளியிடுதல், மொழிபெயர்த்தல், தழுவுதல் முதலியவற்றை அனுமதிக்கவோ மறுக்கவோ உரிமையாளருக்குள்ள தனி அதிகாரமே பதிப்புரிமை எனப்படுவது. எழுத்துக்கும் ஓவியத்துக்கும் அது படைத்தவரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கிறது. பதினைந்து வயது மாணவி ஒருத்தி எண்பது வயது வரை வாழ்வதாகக் கொண்டால், அவள் இன்று செய்முறைப் பதிவேட்டில் வரைந்த செம்பருத்தி மலரின் நெடுக்குவெட்டுப் படத்தை இன்னும் 125 ஆண்டுகளுக்கு, அவளோ அவளுடைய வாரிசுகளோ இசைந்தாலன்றி, இன்னொருவர் தம் நூலில் சேர்க்க முடியாது.

இந்தப் பூட்டை உரிமையாளரே தம் விருப்பப்படி, தாம் வகுக்கும் நிபந்தனைகளின்படி, எல்லோருக்குமாக முன்கூட்டியே திறந்துவைக்கும் எழுத்து வடிவிலான அனுமதியே திறந்த உரிமம். இதைத் தமிழ் வாசகருக்கு நன்கு அறிமுகமான நாட்டுடைமையோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெளிவாகும். பாரதியார் படைப்புகளின் உரிமையை 1949இல் அரசு பெற்றுப் பின்னர் பொதுவில் விட்டபோது, அவற்றை அச்சிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டிய நிலை நீங்கியது. தனியொருவர் கையில் உரிமை என்று எதுவும் எஞ்சவில்லை. திறந்த உரிமத்திலோ உரிமை படைத்தவரிடமே தங்குகிறது. அவர் அதே ஆக்கத்தை விற்கலாம், வேறொரு பதிப்பாளருக்கு வேறு நிபந்தனைகளில் தனியே கொடுக்கலாம், நிபந்தனையை மீறியவர்மீது நடவடிக்கையும் எடுக்கலாம்.

கல்விப் பொருள்களுக்கென இத்தகைய உரிமமொன்றை 1998இல் டேவிட் வைலி வகுத்தார். 2001இல் தொடங்கப்பட்ட கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2002 டிசம்பரில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. 2013 நவம்பரில் வந்த அவற்றின் 4.0 பதிப்பே இன்று உலகெங்கும் புழங்குகிறது. சட்ட அறிவு இல்லாத ஆசிரியரும் மாணவரும் எளிதாகக் கையாளத்தக்கவை இவையே என்பதால் இந்த இயல் பெரும்பாலும் இவற்றைப் பற்றியே பேசுகிறது.

உரிமை யாருடையது?

எந்த உரிமம் என்று கேட்பதற்கு முன், உரிமம் கொடுக்கத் தகுதி உடையவர் யார் என்பதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, படைத்தவரே முதல் உரிமையாளர் என்னும் பொது விதியைக் கூறி, பணி ஒப்பந்தத்தின் கீழ் ஊழியர் ஒருவர் தம் பணியின் பகுதியாக உருவாக்கியது முதலாளிக்கு உரியது என்பது போன்ற சில விலக்குகளையும் தருகிறது. மாணவர் நிறுவனத்தின் ஊழியர் அல்லர். தலைப்பைக் கொடுத்தது, பிழை திருத்தியது, கணினியும் கருவியும் தந்தது ஆகிய எவையும் ஆசிரியரையோ கல்லூரியையோ உரிமையாளர் ஆக்குவதில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதன் வெளிப்பாட்டுக்கே உண்டு என்பது இத்துறையின் அடிப்படை. ஆகவே மாணவர் எழுதியதற்குத் திறந்த உரிமம் வழங்கும் முடிவு மாணவருடையது. அவரைக் கேளாமல் ஆசிரியர் வலைத்தளத்தின் அடியில் இட்ட உரிமக் குறி, எவ்வளவு நல்ல நோக்கத்தோடு இடப்பட்டாலும், சட்டப்படி செல்லாது.

மாணவரின் ஆக்கங்கள் அனைத்தும் கல்லூரிக்கே உரியவை என்று சேர்க்கைப் படிவத்தில் ஒரு வரி அச்சிடப்பட்டிருப்பதுண்டு. அந்த வரியை நம்பி உரிமம் கொடுப்பது சரியன்று. உரிமையை இன்னொருவருக்கு மாற்றித் தருவது எழுத்தில், ஒப்பத்துடன், எந்த ஆக்கம், எந்தெந்த உரிமைகள், எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்பவற்றைச் சுட்டியதாக இருக்க வேண்டும் என்று 19ஆம் பிரிவு வற்புறுத்துவதோடு, காலம் சொல்லப்படாவிட்டால் அதை ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு சொல்லப்படாவிட்டால் அதை இந்தியா என்றும் கொள்கிறது. காலவரையின்றி உலகம் முழுவதற்கும் செல்லும் திறந்த உரிமத்தைத் தாங்க இத்தகைய வரியால் இயலாது.

குழுவாகச் செய்த திட்டப்பணியில் ஒவ்வொருவர் பங்கையும் பிரித்துக் காட்ட முடியாதபோது அது கூட்டாக்கம் ஆகிறது. அப்போது நால்வரில் மூவர் இசைந்தாலும் போதாது, நால்வரும் இசைய வேண்டும். மாணவரின் ஆக்கத்துக்குள் பிறருடைய பொருள் புகுந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இக்கட்டத்திலேயே செய்ய வேண்டிய வேலை. கூகுளில் தேடி ஒட்டிய படம், பாடநூலிலிருந்து படியெடுத்த வரைபடம், காணொளியின் பின்னணியில் ஒலிக்கும் திரைப்பாடல் ஆகியவற்றுக்கு மாணவர் உரிமம் கொடுக்க முடியாது. ஆண்டுவிழாவில் மாணவர்கள் திரைப்பாடலுக்கு ஆடுவதை, பார்வையாளர் மாணவர், ஆசிரியர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையோர் என்ற எல்லைக்குள் இருக்கும்வரை 52ஆம் பிரிவு விலக்களித்துக் காக்கிறது. அதே நடனத்தை யூடியூபில் ஏற்றியதும் பார்வையாளர் உலகத்தார் ஆகிவிடுவதால் அந்த விலக்கின் நிழல் அங்கே எட்டுவதில்லை. இந்த ஒரு நுட்பத்தை அறியாததால் அகற்றப்பட்ட பள்ளிக் காணொளிகள் பல. பாடலை நீக்கி, மாணவர்களே பறையும் உறுமியும் வாசித்த பதிவைச் சேர்ப்பது உரிமத்துக்கும் நல்லது, நிகழ்ச்சிக்கும் நல்லது.

வயதும் ஒரு தடையாகிறது. 18 வயது நிரம்பாதவர் ஒப்பந்தம் செய்யத் தகுதியற்றவர் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு கூற, அத்தகைய ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாதது என்று 1903இல் மோஹரி பீபி வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்த்தது. எனவே பள்ளி மாணவரின் ஆக்கத்துக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்து ஒப்புதல் இன்றியமையாதது. மாணவரின் ஒப்புதலும் அதனோடு சேர்ந்தே பெறப்பட வேண்டும்; சட்டம் வற்புறுத்தாவிட்டாலும், எழுதியவரைக் கேட்காமல் அவர் எழுத்தை ஊருக்குக் கொடுக்கும் பழக்கத்தைக் கல்விக்கூடம் கற்பிக்கக்கூடாது.

நான்கு நிபந்தனைகள்

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் ஆறும் நான்கு நிபந்தனைகளின் சேர்க்கைகளே. முதலாவது, பெயர் குறிப்பிடல்; பிஒய் என்ற எழுத்துகளால் சுட்டப்படும் இது ஆறிலும் உண்டு. பயன்படுத்துபவர் படைத்தவரின் பெயரையும், மூலத்தையும், உரிமத்தையும், தாம் மாற்றம் செய்திருந்தால் அதையும் குறிப்பிட வேண்டும் என்பது இதன் பொருள். இரண்டாவது, எஸ்ஏ எனப்படும் அதேபோல் பகிர்தல். ஆக்கத்தை மாற்றியோ வளர்த்தோ வெளியிடுபவர் தம் புதிய வடிவத்தையும் அதே உரிமத்திலோ அதற்கு இணையானதிலோதான் வெளியிட வேண்டும். மூன்றாவது, என்சி எனப்படும் வணிகத் தவிர்ப்பு. நான்காவது, என்டி எனப்படும் மாற்றத் தவிர்ப்பு. இதன்படி ஆக்கத்தை முழுமையாகப் பகிரலாம், மாற்றிய வடிவத்தை வெளியிடக்கூடாது. எஸ்ஏவும் என்டியும் ஒன்றாக வாரா. மாற்றவே கூடாது என்ற பிறகு மாற்றியதைப் பகிரும் முறைக்கு இடமில்லை.

இவற்றுள் ஆசிரியர்களும் பெற்றோரும் சட்டென்று கைவைப்பது வணிகத் தவிர்ப்பில்தான். குழந்தையின் உழைப்பை எவனோ விற்றுக் காசு பார்ப்பான் என்ற அச்சம் இயல்பானது. ஆயினும் அந்த நிபந்தனை எதையெல்லாம் அடைக்கிறது என்று தெரிந்துகொண்டே அதைச் சேர்க்க வேண்டும். வணிக ஆதாயத்தையோ பணப்பலனையோ முதன்மை நோக்கமாகக் கொள்ளாத பயன்பாடே அனுமதிக்கப்படுகிறது என்று உரிமம் கூறுகிறது. அந்த நோக்கம் எங்கே தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். கல்லூரி வாசலில் உள்ள ஜெராக்ஸ் கடைக்காரர் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு படியெடுத்துக் கொடுத்தால் அது மீறலா? அமெரிக்காவில் ஏறத்தாழ இதே கேள்வி நீதிமன்றம் ஏறியது. கிரேட் மைண்ட்ஸ் என்ற அமைப்பு பிஒய்-என்சி-எஸ்ஏ உரிமத்தில் வெளியிட்ட கணிதப் பாடங்களைப் பள்ளிகளின் வேண்டுகோளின்பேரில் கட்டணத்துக்குப் படியெடுத்துக் கொடுத்த ஃபெடெக்ஸ் ஆபீஸ், ஆபீஸ் டிப்போ ஆகிய நிறுவனங்கள்மீது அது வழக்குத் தொடுத்தது. பள்ளியின் பயன்பாடு வணிகமற்றது, கடை பள்ளியின் கையாகவே செயல்பட்டது என்று கூறி 2018இலும் 2019இலும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் வழக்குகளைத் தள்ளின. இத்தீர்ப்புகள் இந்திய நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தா என்றாலும், உரிமத்தை வழங்கிய நிறுவனமே அதன் பொருள் பற்றி நீதிமன்றம் செல்ல நேர்ந்தது என்பதிலிருந்து இந்த நிபந்தனை எவ்வளவு மங்கலான எல்லை உடையது என்பது விளங்கும்.

விற்பவரைத் தடுப்பதே நோக்கமானால் அதேபோல் பகிர்தல் பெரும்பாலும் போதும். மாணவரின் பாடக்குறிப்பை விரிவாக்கி நூலாக விற்கும் பதிப்பாளர், எஸ்ஏ நிபந்தனையின்படி அந்த விரிவாக்கத்தையும் திறந்த உரிமத்திலேயே வெளியிட வேண்டும். பிறகு வாங்கியவர் எவரும் அதைப் படியெடுத்து இலவசமாகக் கொடுக்கலாம் என்பதால் கொள்ளை விலைக்கு விற்க வழி குறைந்துவிடுகிறது.

மாற்றத் தவிர்ப்பின் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. மொழிபெயர்ப்பும் மாற்றமே. தமிழில் எழுதிய கட்டுரைக்கு என்டி இட்டால், அதை மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ பெயர்த்து வெளியிட ஒவ்வொருவரும் எழுதியவரைத் தேடி வந்து அனுமதி பெற வேண்டும். எளிய நடையில் சுருக்கித் தொடக்கப்பள்ளிக்குத் தரவும் இயலாது. கல்விப் பொருளுக்கு இந்நிபந்தனை பொருந்தவே பொருந்தாது.

எந்த நிபந்தனையும் வேண்டாம் என்போருக்கு 2009இல் சிசி ஜீரோ என்ற கருவி வெளியிடப்பட்டது. இந்தியாவில் பதிப்புரிமையை முற்றாகத் துறக்க 21ஆம் பிரிவு, பதிப்புரிமைப் பதிவாளருக்கு அறிவிப்பு அல்லது பொது அறிவிப்பு என்று தனி வழி வகுத்திருக்கிறது. பெயரே முதல் ஊதியமாக இருக்கும் மாணவப் பருவத்தில் இதை ஊக்குவிக்க வேண்டியதில்லை. அளவீடுகளும் எண்களும் மட்டும் அடங்கிய தரவு அட்டவணைக்கு இது ஏற்றது.

ஆக்கத்தின் இயல்பும் அது சேருமிடமும்

ஒரு வகுப்பின் ஆக்கங்கள் அனைத்துக்கும் ஒரே உரிமத்தை முத்திரைபோல் குத்துவது எளிது, ஆனால் பொருத்தமற்றது. பாடக்குறிப்பு, செய்முறை விளக்கம், ஊர் வரலாறு, ஏரியின் பறவைக் கணக்கெடுப்பு, கலைச்சொல் பட்டியல், கருவிகளின் ஒளிப்படம் முதலியவை பிறர் எடுத்துத் திருத்தி வளர்த்தால்தான் பயன் தருபவை. இவற்றுக்குப் பிஒய்-எஸ்ஏ 4.0 முதல் தெரிவாக இருக்கலாம். இவை சேருமிடங்களை நோக்கினால் காரணம் புலப்படும். தமிழ் விக்கிப்பீடியாவின் உரை இதே உரிமத்தில் உள்ளது. விக்கிமீடியா காமன்ஸ் என்ற ஊடகக் களஞ்சியம் என்சி, என்டி நிபந்தனை உள்ள எந்தக் கோப்பையும் ஏற்பதில்லை. 2013இல் நடுவண் அரசு தொடங்கிய திறந்த கல்வி வளங்களின் தேசியக் களஞ்சியமும் பிஒய்-எஸ்ஏ உரிமத்தையே பொதுவிதியாகக் கொண்டது. 2010இல் கோவையில் நடந்த உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு தமிழ் விக்கிப்பீடியாவோடு சேர்ந்து கல்லூரி மாணவர்களுக்குக் கட்டுரைப் போட்டி நடத்தியது. அக்கட்டுரைகள் பரிசளிப்போடு அடங்கிவிடாமல் கலைக்களஞ்சியத்தில் சேர்ந்து, பிறரால் திருத்தப்பட்டு வளர முடிந்ததற்கு உரிமமே அடித்தளம்.

கதை, கவிதை, நாடகம் ஆகியவற்றின் நிலை வேறு. பதினேழு வயதில் எழுதிய சிறுகதையை இருபத்தைந்து வயதில் திருத்தித் தொகுப்பாக்க விரும்பலாம். இதழ்களும் போட்டிகளும் வேறெங்கும் வெளிவராத ஆக்கத்தையே கேட்பதும், பதிப்பாளர் தனியுரிமை கோருவதும் இயல்பு. வழங்கிய உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதால், இலக்கிய முயற்சியுடைய மாணவருக்குப் பிஒய்-என்சி-என்டி என்ற மிக இறுக்கமான உரிமத்தையோ, உரிமமே இல்லாத வெளியீட்டையோ பரிந்துரைப்பதில் தவறில்லை. பகிர்வை வளர்க்க விரும்பும் ஆசிரியர் இவ்விடத்தில் தம் ஆர்வத்தை அடக்கிக்கொள்வதே மாணவருக்குச் செய்யும் நன்மை.

வாய்மொழிப் பதிவுகளுக்குத் தனிக் கவனம் தேவை. ஊர்ப் பெரியவர் ஒருவர் பாடிய தாலாட்டையோ நடவுப் பாட்டையோ மாணவர் கைபேசியில் பதிவு செய்தால், பாட்டு மரபுவழிப்பட்டதாயினும், பாடியவருக்கு நிகழ்த்துநர் உரிமை என்று சட்டத்தின் 38ஆம் பிரிவு தரும் தனி உரிமை 50 ஆண்டுகளுக்கு உண்டு. “பாட்டி, நீங்க பாடுனத இன்டர்நெட்ல போடுறோம், உலகத்துல யாரு வேணாலும் கேக்கலாம், எடுத்து வேற பாட்டுலயும் சேக்கலாம், சரிங்களா?” என்று அவருக்குப் புரியும் பேச்சில் கேட்டு, அவர் சொல்லும் விடையையும் அதே பதிவின் தொடக்கத்தில் சேர்த்துக்கொள்வது நல்ல முறை. ஒப்பாரியைப் பாடிக்காட்டியவர் அதை எவரும் மாற்றக்கூடாது என்று விரும்பினால் என்டி நிபந்தனைக்கு இங்கே நியாயம் உண்டு.

கணினி நிரலுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் பொருந்தா என்று அந்த அமைப்பே சொல்கிறது. எம்ஐடி, ஜிபிஎல் போன்ற மென்பொருள் உரிமங்களும், எழுத்துருவுக்கு எஸ்ஐஎல் திறந்த எழுத்துரு உரிமமும் உள்ளன. முனைவர் பட்ட ஆய்வேடுகள் ஷோத்கங்கா களஞ்சியத்துக்குச் செல்வதால், அங்கு நடைமுறையில் உள்ள நிபந்தனைகளை ஆய்வாளர் முதலிலேயே படித்தறிவது நல்லது.

ஒப்புதல்

திறந்த உரிமத்தின் மிகக் கடுமையான பண்பு அதன் மீட்கவியலாமை. படைத்தவர் பின்னாளில் கோப்பை நீக்கலாம். அதற்குள் எடுத்தவர்களின் கையிலுள்ள படிகளுக்கு உரிமம் தொடரும். இதைத் தெளிவாகச் சொல்லாமல் பெற்ற கையொப்பம் ஒப்புதல் ஆகாது. மதிப்பெண் போட்டு முடித்த பிறகே ஒப்புதல் படிவத்தைக் கொடுக்க வேண்டும். மறுத்தவரின் ஆக்கம் வகுப்பறையில் மட்டும் காட்சிக்கு வைக்கப்படும், மதிப்பெண் குறையாது என்ற வரி படிவத்திலேயே இருக்க வேண்டும். ஆசிரியர் எதிரில் நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல எத்தனை மாணவர்களுக்குத் துணிவு வரும் என்பதை எண்ணிப் படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரத்தில் திருப்பித் தரச் சொல்வது நலம்.

பதிப்புரிமை வேறு, தனியுரிமை வேறு. உரிமம் ஆக்கத்தைப் பற்றியது. அதில் முகம் தெரிபவரின் இசைவை அது தருவதில்லை. இளைஞர் குழுவின் வழிகாட்டி ஒருவர் எடுத்து ஃபிளிக்கர் தளத்தில் பிஒய் உரிமத்தில் ஏற்றிய அமெரிக்கச் சிறுமியின் படத்தை, 2007இல் ஆஸ்திரேலியக் கைபேசி நிறுவனமொன்று கேலியான வாசகத்தோடு தன் விளம்பரத்தில் அச்சிட்டது. சிறுமியின் குடும்பம் டெக்சாஸில் வழக்குத் தொடுத்தது. படம் எடுத்தவர் தம் பதிப்புரிமையைத் திறந்துவைத்தார், படத்தில் இருந்தவரை யாரும் கேட்கவில்லை. மாணவர் முகம் தெரியும் படங்களைத் திறந்த உரிமத்தில் வெளியிடாமல் இருப்பதே பள்ளிக்கு நல்ல விதி. 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலை வேண்டுகிறது.

பெயர் குறிப்பிடலுக்கும் பாதுகாப்புக்கும் இடையே உள்ள இழுபறியை 4.0 பதிப்பு ஓரளவு தீர்க்கிறது. மாணவர் புனைபெயரைத் தெரிவு செய்தால் பயன்படுத்துவோர் அதையே குறிப்பிட வேண்டும். பின்னாளில் தம் பெயரை எடுத்துவிடும்படி அவர் கேட்டால், நியாயமாக இயன்ற அளவுக்கு அதை நீக்கவும் வேண்டும்.

உரிமக் குறிப்பை எழுதுதல்

வலைத்தளத்தின் அடியில் மட்டும் இட்ட குறிப்பு, கோப்பு வாட்ஸ்அப்பில் பயணப்படத் தொடங்கியதும் தொலைந்துபோகும். பிடிஎஃப் கோப்பின் முதல் பக்கத்திலும், படத்தின் விவரிப்பிலும், காணொளியின் இறுதிச் சட்டகத்திலும் தலைப்பு, படைத்தவர், மூலம், உரிமம் ஆகிய நான்கும் இடம்பெற வேண்டும். மேலே சொன்ன மலர்ப் படத்துக்கு இவ்வாறு எழுதலாம்: “செம்பருத்தி மலரின் நெடுக்குவெட்டு. வரைந்தவர்: (மாணவி தெரிவு செய்த பெயர்), பதினொன்றாம் வகுப்பு, 2025. இப்படம் கிரியேட்டிவ் காமன்ஸ் பெயர் குறிப்பிடல், அதேபோல் பகிர்தல் 4.0 பன்னாட்டு உரிமத்தில் வெளியிடப்படுகிறது.” மூலமாகப் படம் வெளியான பக்கத்தின் முகவரியையும், உரிமத்தின் இணைய முகவரியையும் இதன்கீழ் இணைப்பாகத் தர வேண்டும். பதிப்பு எண்ணை விடக்கூடாது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் என்று மட்டும் எழுதினால் ஆறில் எது என்பது தெரியாமல் குறிப்பு முழுவதும் வீணாகிறது.

பள்ளி ஆண்டு மலரைப் போன்ற தொகுப்பில் ஒவ்வொரு ஆக்கத்தின் அடியிலும் அதனதன் உரிமத்தை அச்சிட்டு, உரிமம் கொடுக்கப்படாதவற்றுக்கு அனைத்து உரிமைகளும் படைத்தவருக்கே என்று எழுதலாம். தொகுப்பில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் மட்டும் எஸ்ஏ நிபந்தனை ஓர் ஆக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில்லை. ஒப்புதல் படிவங்களை ஆக்கத்தின் தலைப்பும் நாளும் குறித்துக் கோப்பிட்டுத் தலைமையாசிரியர் அலுவலகத்தில் வைப்பது, படிவத்தை வாங்கிய ஆசிரியர் மாறுதலாகிப் போன பிறகும் பயன்படும்.

மீறல் கண்ணில் பட்டால், பெயரில்லாமல் படத்தை எடுத்தாண்டவருக்கு முதலில் ஒரு கடிதம் எழுதுவதே முறை. 4.0 உரிமத்தில், மீறியவரின் உரிமை தானாகவே முடிவடைந்தாலும், பிழையை அவர் அறிந்த 30 நாள்களுக்குள் திருத்திக்கொண்டால் அது தானாகவே மீண்டும் உயிர்பெறுகிறது. கடிதத்தில் எந்த ஆக்கம், எங்கே வந்துள்ளது, எந்த வரியைச் சேர்க்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதி, சேர்க்க வேண்டிய வரியை அப்படியே படியெடுத்து ஒட்டத்தக்க வடிவில் இணைத்தால் திருத்துபவரின் வேலை எளிதாகும். கடிதத்தை மாணவரே எழுத, ஆசிரியர் உடனிருந்து பார்த்துக் கொடுக்கலாம்.